வெறும் வயிற்றோடு சோதனைக்கு எதிரே போகாதீர்கள்: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்து ஐந்தாறு மாதம் ஆனதும் வாலிபத் தம்பிகள் பலர் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, பழைய பழக்கம் போகவே மாட்டேங்குது. அழுது ஜெபம் பண்றேன், இனிமே தொடமாட்டேன்னு பொருத்தனை பண்றேன். பத்து நாள் தாங்குது. அப்புறம் பழையபடிதான்." ஒருவருக்கு அது ஆபாசப் படம், இன்னொருவருக்குக் குடி, மற்றொருவருக்கு வீட்டில் வெடிக்கிற கோபம். பழக்கத்தின் பெயர்தான் மாறும், மற்றதெல்லாம் ஒரே கதை.

என் கதையும் அதுதான். பல வருஷம் "வேண்டாம், வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே போராடினேன். பல்தான் வலித்தது. கடைசியில் எனக்கு வழி காட்டியது நீதிமொழிகளில் இருக்கிற ஒரு சாப்பாட்டு வசனம்: "திருப்தியடைந்தவன் தேன்கூட்டையும் மிதிப்பான், பசியுள்ளவனுக்கோ கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்" (27:7). அளவாகச் சாப்பிடச் சொல்கிற வசனம் என்று அதைக் கடந்துபோயிருந்தேன். ஒருநாள் உறைத்தது. நான் திரும்பத் திரும்பப் போய் விழுந்த விஷயம் உண்மையில் கசப்பு. முடிந்தபின் ஒவ்வொரு தடவையும் கசந்தது. ஆனாலும் போகும்போது இனித்தது. காரணம் அதன் ருசி இல்லை, என் பசி.

ஆகவே இந்தக் கட்டுரையில் "எப்படி மறுப்பது" என்பதைவிட "எப்படிச் சாப்பிடுவது" என்பதுதான் அதிகம் இருக்கும்.

ஆரம்பிப்பதற்குமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் வேலை போனாலும் சோதனை, காய்ச்சல் வந்தாலும் சோதனை. தமிழ் வேதாகமத்திலும் வெளியே வரும் கஷ்டத்துக்கும் உள்ளே இழுக்கும் ஆசைக்கும் ஒரே சொல்தான் வருகிறது. யாக்கோபு 1:2-இல் அது வெளியிலிருந்து வரும் பாடு, அதே அதிகாரம் 14-ஆம் வசனத்தில், "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்." இங்கே நாம் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. "சுய இச்சை" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பிசாசின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பழக்கம் நம் சபைகளில் உண்டு. அவன் தூண்டில் போடுகிறவன், உண்மைதான். ஆனால் மீனுக்குப் பசி இருந்ததே?

முதல் வாரம்: பசி எப்போது எடுக்கிறது என்று பாருங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். போனில் எழுத வேண்டாம், போனே பாதிப் பிரச்சினையாக இருக்கலாம். ஒரு வாரம் வேறொன்றும் மாற்ற வேண்டாம். மனம் இழுக்கும் ஒவ்வொரு தடவையும், விழுந்தாலும் தப்பினாலும், மூன்று விஷயங்களைக் குறியுங்கள். மணி என்ன? அதற்குமுன் இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது? அந்த நேரத்தில் உள்ளே உண்மையில் எதற்காக ஏங்கினேன்?

மூன்றாவதை எழுதக் கஷ்டமாக இருக்கும். "தெரியவில்லை" என்றே நாலு நாள் எழுதுவீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள்.

நான் எழுதிப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. இரண்டு நேரங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. வேலையில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய நாளின் இரவு ஒன்று. மற்றது ஞாயிறு மாலை நாலு மணி. காலையில் கைகளை உயர்த்திப் பாடி, கண்ணீர் விட்டு ஆராதித்து, மதியம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, அறையில் தனியாகப் போனோடு உட்காரும் நேரம். ஆராதனையில் கிடைத்த உணர்ச்சியையே திருப்தி என்று நம்பியிருந்தேன். அது பாட்டுச் சத்தம் ஓய்ந்ததும் வடிந்துபோனது. இரவில் நான் ஏங்கியது படத்துக்காகக்கூட இல்லை. "நீ ஒன்றுக்கும் ஆகாதவன் இல்லை" என்று யாராவது சொல்ல வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். நோட்டைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் எரேமியா 2:13-ஐ வாசியுங்கள். "ஜீவத்தண்ணீரின் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டார்கள், தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளைத் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள்." யூதேயாவில் மழைத்தண்ணீரைச் சேர்க்கச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, உள்ளே பூச்சுப் பூசித் தொட்டி கட்டுவார்கள். பூச்சில் வெடிப்பு விட்டால், இத்தனை உழைப்புக்கும் மிஞ்சுவது அடியில் கொஞ்சம் சேறு. கர்த்தர் இங்கே ஜனங்களைத் தாகத்துக்காகக் கடிந்துகொள்ளவில்லை. ஊற்றை விட்டுவிட்டதும் வெடிப்புள்ள தொட்டியை வெட்டியதும்தான் அவர் சொல்கிற இரண்டு தீமைகள். உங்கள் ஏக்கத்தின்மேல் கோபப்படாதீர்கள். அதை எந்தத் தொட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது: காலையில் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்புங்கள்

சங்கீதம் 90 மோசேயின் ஜெபம். அதில் 14-ஆம் வசனம்: "நாங்கள் எங்கள் வாழ்நாளெல்லாம் களிகூர்ந்து மகிழும்படி, காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்." காலையிலே என்று கேட்கிறார். பசி முற்றிய ராத்திரி பதினொரு மணிக்குச் சமைக்க ஆரம்பிக்கிறவன் கையில் கிடைத்ததைத் தின்பான்.

நடைமுறையில் இவ்வளவு போதும்: இருபது நிமிஷம், ஒரே இடம், காகித வேதாகமம். போனை இரவிலேயே ஹாலில் சார்ஜ் போட்டு வைத்துவிடுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் கர்த்தர் கேட்பார் என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, உங்களால் தினமும் எழ முடிகிற நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்ட் பார்க்கிறவருக்குக் காலை என்பது மதியம் இரண்டு மணியாகக்கூட இருக்கலாம்.

ஒரு நாளைக்கு மூன்று நாலு அதிகாரம் என்று வருஷத்துக்குள் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை நல்லதுதான், அதைப் பேருந்திலோ மதிய இடைவேளையிலோ வையுங்கள். இந்த இருபது நிமிஷத்தில் வேகம் வேண்டாம். ஒரு சங்கீதம் போதும். "நான் என்ன செய்ய வேண்டும்" என்று தேடி வாசிக்காமல், "இதில் கர்த்தர் எப்படிப்பட்டவர்" என்று தேடி வாசியுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான். கட்டளைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு எழுந்தால், வேலைப் பட்டியல் கையில் இருக்கும், வயிறு காலியாக இருக்கும்.

ஒரு உதாரணத்தைச் சேர்ந்தே செய்துபார்ப்போம். சங்கீதம் 63. மொத்தமே 11 வசனம். தலைப்பிலேயே தாவீது யூதாவின் வனாந்தரத்தில் இருந்தபோது பாடினது என்று இருக்கிறது. அங்கே தண்ணீர் கிடையாது, அரண்மனை கிடையாது, பின்னால் உயிரை வாங்கத் தேடுகிற ஆட்கள். முதல் வசனத்தைச் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள்: "தேவனே, நீர் என்னுடைய தேவன், அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்." "என்னுடைய" என்ற சொல்லில் நில்லுங்கள். வனாந்தரத்தில் எல்லாம் பறிபோன ஒருவன் இன்னும் "என்னுடைய" என்று சொல்ல முடிகிற ஒரே உடைமை அது. இரண்டு நிமிஷம் அதையே யோசித்துவிட்டு, உங்கள் வார்த்தையில் ஜெபமாக மாற்றுங்கள்: "ஆண்டவரே, இன்றைக்கு ஆபீசில் என்ன பறிபோனாலும் நீர் என்னுடையவர்."

அப்புறம் 3-ஆம் வசனம்: "ஜீவனைப்பார்க்கிலும் உமது கிருபை நல்லது." இதை உங்களால் மனதார இன்று சொல்ல முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்: "எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை, தோன்றச் செய்யும்." பொய்யாகச் சொல்வதைவிட இது நல்ல ஜெபம். 5-ஆம் வசனத்தில் வருவது விருந்து: "நிணத்தையும் கொழுப்பையும் உண்டதுபோல என் ஆத்துமா திருப்தியாகும்." வனாந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு கறி விருந்தைப் பாடுகிறான்! சூழ்நிலை மாறவே இல்லை. அடுத்த வசனத்தைத்தான் நான் ஒரு அட்டையில் எழுதித் தலையணைப் பக்கத்தில் வைத்தேன்: "என் படுக்கையின்மேல் நான் உம்மை நினைக்கும்போது, இராச்சாமங்களில் உம்மைத் தியானிக்கிறேன்." தூக்கம் வராத இரவில் தாவீதின் கையில் போன் இல்லைதான். ஆனால் அவன் மனமும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அதிகாலையில் தேடியவரைத்தான் ராத்திரியில் நினைக்கிறான். காலையில் சாப்பிட்டதை இரவில் அசைபோடுகிறான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படி ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அவசரமே இல்லை. 16, 23, 27, 34, 42, 63, 73, 84, 103 என்று ஒன்பது சங்கீதங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தாலே இரண்டு மாதம் ஓடிவிடும்.

ருசியே தெரியவில்லை என்றால்

தெரியாது. பல நாள் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால்தான் புதியவர்கள் மூன்றாம் வாரத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கஞ்சி மண்ணாக இருக்கும். ஆனால் அவன் ருசி வந்தபிறகு குடிக்கலாம் என்று காத்திருப்பதில்லை. குடித்துக் குடித்துத்தான் ருசி திரும்புகிறது. 42-ஆம் சங்கீதக்காரனும், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று தன்னோடே வாதாடுகிறான். அன்று அவனுக்குக் கண்ணீர்தான் இரவும் பகலும் உணவு என்று அவனே சொல்கிறான்.

நொறுக்குத் தீனியையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க முறுக்கும் மிக்சரும் கொறித்தால் மதியச் சோற்றுக்குப் பசிக்காது. ரீல்ஸ் பாவமா என்று என்னிடம் கேட்பார்கள். பாவம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவு இரண்டு மணிநேரம் அதைக் கொறித்துவிட்டுக் காலையில் சங்கீதம் சப்பென்று இருக்கிறது என்றால் ஆச்சரியப்படவும் மாட்டேன். வாரத்தில் ஒரு வேளை உபவாசம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள வழக்கம். அதோடு ஒரு நாள் போன் உபவாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற உணவு இருக்கும்போதே இஸ்ரவேலர் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள் (எண்ணாகமம் 11:5). அங்கே பட்ட அடி மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. பழைய ருசி நாக்கைவிட்டுப் போகக் கொஞ்ச காலம் ஆகும்.

உடம்பையும் மறக்காதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தருடைய தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). உங்கள் நோட்டில் "இரவு 1 மணி" என்று அடிக்கடி வந்தால், முதல் மருந்து பதினொரு மணிக்குப் படுப்பது. நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்புவரை வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இழுக்கிற அந்த நேரத்தில்

முதலில் கால், அப்புறம்தான் வாய். எஜமான் போத்திபாரின் மனைவி தப்பான ஆசையோடு ஆடையைப் பிடித்தபோது யோசேப்பு வசனம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, ஆடையை விட்டுவிட்டு ஓடினான். அறையைவிட்டு வெளியே வாருங்கள், மொட்டைமாடிக்குப் போங்கள், முகம் கழுவுங்கள், அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். 1 கொரிந்தியர் 10:13-இல் சொல்லியிருக்கிற "தப்பிக்கொள்ளும்படியான போக்கு" பல நேரம் நம் வீட்டுக் கதவுதான்.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இச்சைகளுக்கு விலகியோடச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் நீதியையும் விசுவாசத்தையும் அன்பையும் சமாதானத்தையும் நாடச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 2:22). ஓடிப்போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இல்லையென்றால், மத்தேயு 12-இல் இயேசு சொன்ன வீட்டைப்போல ஆகிவிடும். பெருக்கி ஜோடித்து வைத்திருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. அதைவிட்டுப் போன அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அதனால் மாடிக்குப் போனதும் காலையில் வாசித்த அந்த ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் நோட்டில் கண்டுபிடித்த பசிக்கு நேரே பேசுகிற வசனமாக இருக்கட்டும். தனிமைதான் உங்கள் பசி என்றால், "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" (எபிரெயர் 13:5). கோபம் என்றால் வேறு வசனம். பொதுவாக "பாவம் செய்யாதே" என்கிற வசனத்தைவிட இப்படிக் குறிவைத்தது நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசித்தபின் சோதிக்கப்பட்டதை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். வயிறு காலி. ஆனால் அதற்குச் சற்றுமுன் யோர்தானில் ஞானஸ்நானம் எடுத்தபோது பிதாவின் சத்தத்தைக் கேட்டிருந்தார்: "இவர் என்னுடைய நேசகுமாரன்." சோதனைக்காரன் வந்து, "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று ஆரம்பிக்கிறான். "நேச" என்ற சொல்லைக் காணோம். இயேசு மூன்று தடவையும் பதில் சொன்னது உபாகமத்திலிருந்து, அதில் முதலாவது: "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்." அந்த வாயிலிருந்து புறப்பட்ட "நேசகுமாரன்" என்ற வார்த்தையில்தான் அவர் அந்த நாற்பது நாளும் பிழைத்திருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

இதற்காக இனிப்பானது எதையும் தொடக்கூடாது என்று ஆரம்பித்துவிடாதீர்கள். தேவன் "நாம் அநுபவிக்கிறதற்குச் சகலவித நன்மைகளையும்" கொடுக்கிறவர் (1 தீமோத்தேயு 6:17). பிரியாணியும் கிரிக்கெட்டும் நண்பர்களோடு சிரிப்பும் அவர் கொடுத்தவை. நன்றி சொல்லி அனுபவியுங்கள். நன்றி சொல்ல வாய் வராத இடத்தில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு ஆள்

தனியாக முடியாது. ஆனால் எல்லாரிடமும் சொல்லவும் வேண்டாம். சபை வாட்ஸ்அப் குழுவில் "தம்பிக்காக ஜெபியுங்கள், ஒரு பெலவீனம்" என்று போட்டால், ஜெபத்துக்கு முன்னால் விசாரணை நடந்து முடிந்துவிடும். உங்களைவிட ஐந்து பத்து வயது மூத்தவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், வாய் இறுக்கமானவர், தானும் விழுந்து எழுந்ததை ஒத்துக்கொள்கிறவர். அப்படி ஒருவரைத் தேடுங்கள். வாரத்தில் ஒரு நாள் டீக்கடையில் அரைமணி நேரம் போதும்.

எனக்குக் கிடைத்த அண்ணனும் நானும் ஆரம்பத்தில் "இந்த வாரம் விழுந்தாயா?" என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். அது போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவதுபோல ஆகிவிட்டது. பொய் சொல்லவும் பழகினோம். பிறகு அந்த அண்ணன் கேள்வியை மாற்றினார்: "இந்த வாரம் கர்த்தரிடத்தில் என்ன ருசித்தாய்?" முதல் தடவை பதில் இல்லாமல் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் சொல்வதற்காகவாவது வாசிக்க ஆரம்பித்தேன். விழுந்த கதையும் தானாக வெளியே வந்தது.

விழுந்துவிட்டால்

விழுவீர்கள் என்று எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் ஏமாற்றுவதாக ஆகும். விழுந்த அந்த மணிநேரத்துக்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறைக்காமல் அறிக்கையிடுங்கள். 1 யோவான் 1:9 "அறிக்கையிட்டால்" என்றுதான் சொல்கிறது. மூன்று நாள் வேதத்தைத் தொடாமல் இருந்து தன்னைத்தானே தண்டித்துக்கொண்டபிறகு என்று சொல்லவில்லை. அந்த மூன்று நாள் பட்டினிதான் அடுத்த வீழ்ச்சிக்கு வழி. என் நோட்டில் இது அப்படியே இருக்கிறது: ஒரு விழுதல், சாப்பிடாத மூன்று நாள், மறுபடி விழுதல்.

பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான் (யோவான் 18). சில நாள் கழித்துத் திபேரியா கடற்கரையில், இரவெல்லாம் வலைபோட்டும் ஒன்றும் கிடைக்காத ஒரு விடியற்காலையில், மறுபடியும் ஒரு கரிநெருப்பு. அதன்மேல் மீனும், கூடவே அப்பமும். நெருப்பு மூட்டி வைத்திருந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு. பேதுருவிடம் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, மூன்று தரம் கேட்கவும் செய்தார். ஆனால் அது 15-ஆம் வசனத்தில். அதற்கு முன்னால், 12-ஆம் வசனத்தில், ஈரத் துணியோடு நின்றவர்களிடம் அவர் சொன்னது: "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."

நாளைக் காலை அலாரத்தை வழக்கமான நேரத்துக்கே வையுங்கள். எந்தச் சங்கீதத்தில் விட்டீர்களோ அதே சங்கீதம்.